மூன்று மாதம் வெங்காயம் உரித்த பையன்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லுக்கு விடியும் முன்பே வந்துவிடும். 2016 ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு நடைமேடையில் நின்றிருந்தேன். ரயில் பெட்டியின் கதவுக்குக் கீழே தலையைக் குனிந்து ஒரு பையன் இறங்கினான். நிமிர்ந்தபோது ஆறேகால் அடி இருந்தான். முதுகில் ஒரு மூட்டை, நெஞ்சில் ஒரு மூட்டை. வயது 19. ஜெர்மனியில் பள்ளிப்படிப்பை முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என்னைப் பார்த்ததும், மனப்பாடம் செய்து வைத்திருந்த தமிழில், “வணக்கம். நான் உதவி செய்ய வந்திருக்கிறேன்” என்றான்.

“முதல்ல ஒரு டீ குடிப்போம், வாப்பா” என்றேன். அவனுக்குப் புரிந்தது அதில் டீ மட்டும்தான்.

நான் அப்போது சிறுமலை அடிவாரத்தில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு பகல்நேர மையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன இடம். பதினான்கு பிள்ளைகள், இரண்டு சிறப்பு ஆசிரியர்கள், வாரத்தில் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிஸ்ட், இரண்டு ஆயாக்கள், ஒரு ஓட்டை வேன், அப்புறம் சமையல் அக்கா. சாயங்காலம் அதே கட்டடத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்கு டியூஷன். ஜெர்மனியில் இருக்கும் ஒரு அமைப்பு 2014 முதல் வருடத்துக்கு ஒரு பையனையோ பெண்ணையோ எங்களிடம் அனுப்பிக்கொண்டிருந்தது. இவன் மூன்றாவது ஆள்.

இவர்களை என்னவென்று அழைப்பது என்பதே எங்களுக்கு ஒரு பிரச்சினையாக இருந்தது. தொண்டர் என்றால் நம் ஊரில் கட்சிக் கரைவேட்டிதான் நினைவுக்கு வரும். தன்னார்வலர் என்பது பத்திரிகைக்காரர்கள் எழுதும் சொல், வாயில் வராது. நாங்கள் வாலண்டியர் என்றோம். சமையல் அக்கா அதை ‘வாலண்டி’ ஆக்கினார். “இந்த வருசத்து வாலண்டி எப்ப வருது?” என்று கேட்பார். தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு எப்ப வருது என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

ஜெர்மன் அரசு 2008-இல் தொடங்கிய ‘வெல்ட்வேர்ட்ஸ்’ என்ற திட்டத்தில்தான் இவர்கள் வந்தார்கள். உலகை நோக்கி என்று பொருள். 18 வயதிலிருந்து 28 வரை இருப்பவர்கள் சேரலாம். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தங்கலாம் என்றாலும் முக்கால்வாசிப் பேர் ஒரு வருடம் இருப்பார்கள். செலவில் 75 சதவீதம்வரை அந்நாட்டு வளர்ச்சி அமைச்சகம் கொடுக்கும். மீதியை அனுப்பும் அமைப்பு திரட்ட வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன் இந்தப் பிள்ளைகள் அத்தை, மாமா, பக்கத்து வீட்டு டாக்டர் என்று நன்கொடை கேட்டு அலைவதுண்டு. எங்கள் பையன் உள்ளூர்ச் சந்தையில் கேக் விற்று பணம் சேர்த்தானாம். கிளம்பும் முன்பு, நடுவில், திரும்பிய பிறகு என்று ஒரு வருடத்துக்கு 25 நாள் பயிற்சி வகுப்பும் உண்டு. வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். “நாங்கள் போய் அங்கே எதையும் மாற்றிவிட முடியாது என்று சொல்லிக்கொடுத்தார்கள்” என்றான். நல்ல வகுப்புதான். அப்படியும் அந்த ‘உதவி செய்ய வந்திருக்கிறேன்’ எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

வந்ததும் காகித வேலை. சம்பளமில்லாமல் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய வந்தாலும் இந்தியாவில் அதற்கு வேலை விசாதான். 180 நாளுக்கு மேல் போகும் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு எஸ்பி அலுவலகத்துக்கு. வெளிநாட்டவர் ஒருவர் எங்களிடம் தங்கியிருக்கிறார் என்று தெரிவிக்கும் ‘சி ஃபார்ம்’ஐ, தங்க வைத்திருக்கும் நாங்கள் 24 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டியிருந்தது. இது போக, மாதம் ஒரு முறை மஃப்டியில் ஒரு ஏட்டய்யா பைக்கில் வருவார். “பையன் என்ன பண்றான் சார்?” என்று கேட்பார். உண்மையைச் சொல்வேன்: “வெங்காயம் உரிக்கிறான் ஏட்டய்யா.” எழுதிக்கொள்வார். நான் ஏதோ மறைக்கிறேன் என்றே கடைசிவரை நினைத்தார் என்று தோன்றுகிறது.

ஆனால் அவன் வெங்காயம்தான் உரித்தான். முதல் மூன்று மாதம் வேறு எதுவும் செய்ய அவனால் முடியவில்லை. தமிழ் தெரியாது. பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் பேச்சு வராது. மீதிப்பேர் பேசுவது பெற்ற தாய்க்கே பாதி புரியும். வலிப்பு வந்தால் எப்படிப் படுக்க வைப்பது என்று தெரியாது. வகுப்பில் உட்கார வைத்தால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அவன் கையிலிருந்த பொன்னிற முடியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் வயிறு கெட்டு நான்கு நாள் படுத்தான். சமையல் அக்கா நொய்க் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொண்டுபோய் வைத்தார். “பதினாலு புள்ளைகன்னு நெனச்சேன். பதினஞ்சாச்சு” என்றார்.

எழுந்து வந்தவனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு. எது கேட்டாலும் ஆசிரியைகள் “பரவாயில்ல, உக்காருங்க” என்றார்கள். இந்த ‘பரவாயில்லை’யைப் போல வெளியூர்க்காரனைச் சாகடிக்கும் சொல் நம்மிடம் வேறு இல்லை. சமையல் அக்கா ஒருவர்தான் ஒரு நாள் முறத்தில் ஒரு கிலோ சின்ன வெங்காயத்தைக் கொட்டி அவன் முன்னால் தள்ளினார்.

திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போன ஊர். உரித்தவர்களுக்குத்தான் அதன் அருமையும் கொடுமையும் தெரியும். முதல் நாள் அவன் ஒரு கிலோவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். கண்ணீர் தாடையில் சொட்டியது. அவன் உரித்ததில் பாதி வெங்காயம் தோலோடு போய்விட்டது. அக்கா குப்பையைக் கிளறி, சதையோடு போன தோல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கண் முன்னாலேயே திரும்ப உரித்துக் காட்டினார். அடுத்த நாள் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லிக்கொடுத்தார். அதற்கடுத்த நாள், அடிவேரை மட்டும் லேசாகக் கிள்ளி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் சட்டையைக் கழற்றும் வித்தை. அக்டோபர் மழை தொடங்கும்போது கிலோவுக்கு முப்பத்தைந்து நிமிடத்துக்கு வந்திருந்தான். அவன் ஊர் நண்பர்களுக்கு அதைச் செய்தியாக எழுதி அனுப்பினானாம். அவர்கள் யானை படம் கேட்டார்களாம்.

வெங்காயத்தோடு தமிழும் வந்தது. நாங்கள் ஏற்பாடு செய்த தமிழ் வாத்தியார் ‘நான் செல்கிறேன், நீ செல்கிறாய்’ என்று இலக்கணம் நடத்திக்கொண்டிருக்க, பையன் அடுக்களையில் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணியின் தமிழைக் கற்றுக்கொண்டுவிட்டான். ‘இங்கிட்டு வா’, ‘வெரசா’, ‘அடியாத்தி’. அக்கா எல்லாப் பெண்களையும் ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிடுவார். அது மரியாதைச் சொல் என்று நினைத்து, எங்கள் மூத்த ஆசிரியையை, நாற்பத்தேழு வயது, இரண்டு பட்டம் வாங்கியவர், “ஏ புள்ள, சாப்பிட வா” என்று ஒரு மதியம் கூப்பிட்டான். அறையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவனிடம் ‘பரவாயில்ல, உக்காருங்க’ சொல்வதை நிறுத்திவிட்டார்கள். “டேய், அந்த நாற்காலியைத் தூக்கிட்டு வா” என்றார்கள். அவன் முகத்தில் அன்று இருந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு முறை விசா விஷயமாகக் காவல்துறை அலுவலகத்துக்குப் போயிருந்தோம். ஒரு காவலர் விளையாட்டாக, “எப்படித் தம்பி எங்க திண்டுக்கல்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “என்னத்தச் சொல்ல, வெயிலு மண்டையப் பொளக்குது” என்றான். எங்கள் கோப்பு அன்று வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்தது.

இதை எல்லாம் சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் அந்த மூன்று மாதக் கணக்கை உட்கார்ந்து பார்த்தால் சேவை செய்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. உலை வைத்து, பிள்ளைகளைப் பார்த்து, நடுவில் மொழி தெரியாத ஒரு வாலிபனுக்குக் கஞ்சி ஊட்டி, பேசக் கற்றுக்கொடுத்து, ஒரு வேலையையும் பழக்கிவிட்டவர் சமையல் அக்கா. அவருடைய சம்பளம் மாதம் ஆறாயிரம். இந்த வேலைக்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. யாரும் அவரை வாலண்டியர் என்று சொல்லவில்லை. அவருக்குச் சான்றிதழும் வரவில்லை. பயிற்சி வகுப்பும் கிடையாது. வெளிநாட்டு இளைஞர் தொண்டு என்று எழுதுகிறவர்கள் போகிறவனைப் பற்றி மட்டும் எழுதுகிறார்கள். ஒரு ஊர் ஒரு பிள்ளையை ஒரு வருடத்துக்குத் தத்தெடுக்கிறது என்பதுதான் நான் பார்த்தது.

ஒரு கேள்வி எங்களிடம் அடிக்கடி வரும். ஊர்க்கூட்டத்தில் ஒரு பெரியவர் நேரடியாகவே கேட்டார்: “இந்தப் பையன் வந்து போற காசுக்கு இன்னொரு டீச்சர வச்சிருக்கலாமே?” வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் காசு எங்களுக்கு வரும் காசே இல்லை. அது அவர்கள் நாட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு அவர்கள் அரசு செலவழிப்பது. அந்தத் திட்டக்காரர்களே இதைக் ‘கற்றல் சேவை’ என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு எனக்கு மனம் லேசாகிவிட்டது. உதவி என்ற பெயரை எடுத்துவிட்டால் பாதிக் கோபம் போய்விடுகிறது. மீதிக் கோபம் வேறு ஒன்றில் இருந்தது. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இந்த வகைத் தொண்டு தொடங்கியபோது இப்படிப் பள்ளி முடித்த பிள்ளைகளின் வருடமாக இருக்கவில்லை. 1920-இல், முதல் உலகப்போரில் நொறுங்கிப்போன வெர்தனுக்குப் பக்கத்தில் எஸ்ன் என்ற பிரெஞ்சு கிராமத்தில், பியேர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சில பேரோடு வீடு கட்டப் போனார். கூட வந்தவர்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அதே மண்ணில் சுட்டுக்கொண்டிருந்த நாட்டுக்காரர்கள். சில மாதத்தில் அவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று, உள்ளூரில் எதிர்ப்பு. இருக்காதா பின்னே. அதே செரசோல் 1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம் வந்தபோது இந்தியாவுக்கு வந்தார். ராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணியை நடத்திக்கொண்டிருந்த நேரம். வெள்ளம் ஏறாத இடத்தில் புது ஊர்கள் கட்டும் வேலையில் சேர்ந்துகொண்டார். அவர் ஒரு பொறியாளர். அவருக்கு வீடு கட்டத் தெரியும். எங்களுக்கு வந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. அவர்களிடம் இருந்தது நேரம்.

அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாதபோதுதான் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். எங்கள் மையத்தின் தெற்குச் சுவரைச் சுரண்டினால் ஒரு வரலாறே கிடைக்கும். முதல் வருடத்துப் பெண் ஒரு மரம் வரைந்தாள். இரண்டாவது ஆள் பிள்ளைகளின் கைத்தடங்கள். வெங்காயப் பையன் உலக வரைபடம். அதில் இலங்கை விட்டுப்போய், பிறகு ஆயா சொல்லிச் சேர்த்தான். நான்காவது வானவில். ஐந்தாவது ஆள் மறுபடி மரம். பிள்ளைகளுக்கு அந்த நிறங்கள் பிடிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டோடு யாராவது என் அறை வாசலில் வந்து நிற்கும்போது, ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது, காட்ட ஒன்று வேண்டும் என்று புரிந்துகொள்வேன். அது தப்பு என்று நினைக்கவில்லை. எனக்கும் 19 வயதில் எங்காவது பெயர் எழுதிவைக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

நிஜமாக உதவியது வேறொன்று, அது சுவரில் இல்லை.

எங்களிடம் மூளை முடக்குவாதம் வந்த ஒரு பையன் இருந்தான். அப்போது எட்டு வயது. கழுத்து நிற்காது, பேச்சு இல்லை. சாப்பாடு ஊட்ட நாற்பது நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் புரையேறும். இரண்டு ஆயாக்களுக்கும் மதியம் பதினான்கு வாய்கள். அந்த நாற்பது நிமிடம் அவர்களிடம் இல்லை. பத்து நிமிடத்தில் குழைத்த சோற்றை உள்ளே தள்ளி, வாயைத் துடைத்துவிடுவார்கள். குறை சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் செய்திருப்பேன். டிசம்பர் வாக்கில் வெங்காயப் பையன் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிசியோதெரபிஸ்ட் அவனை முதலில் தன் எதிரே உட்கார வைத்து, அவனுக்கே ஊட்டிக் காட்டினார். தலை பின்னால் சாய்ந்திருந்தால் விழுங்க எவ்வளவு கஷ்டம், தாடை கொஞ்சம் முன்னால் தாழ்ந்திருந்தால் எப்படி இறங்குகிறது என்று அவன் தொண்டையிலேயே தெரிந்துகொண்டான். அப்புறம் தினமும் பன்னிரண்டரைக்கு, கால்களை மடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, ஒரு சின்ன ஸ்பூனோடு உட்காருவான். ஒரு வாய். காத்திருப்பான். தொண்டை அசைவதைப் பார்ப்பான். இன்னொரு வாய்.

இப்படி இரண்டு மாதம் போனதில், அந்தப் பிள்ளை வேண்டும் என்றால் கண்ணை மேலே உயர்த்துகிறான், வேண்டாம் என்றால் ஓரமாகத் திருப்புகிறான் என்பதை இவன்தான் கண்டுபிடித்தான். ஒருவேளை அந்தப் பிள்ளை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். பார்க்க நேரமிருந்த முதல் ஆள் இவன். அட்டையில் படங்கள் ஒட்டி ஒரு பலகை செய்தான்: தண்ணீர், சோறு, தயிர், வலி, போதும். தயிர்ப் படத்தைப் பார்த்து அந்தப் பையன் கண்ணை உயர்த்திய நாளில் அவன் அம்மாவை வரவழைத்துக் காட்டினோம். அவர் அழவில்லை. “எனக்குத் தெரியும், இவனுக்குத் தயிர்னா உசுரு” என்றார். எட்டு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர், நாங்கள்தான் கேட்கவில்லை.

சரி, இப்போது அந்த மீதிக் கோபம். 2017 ஆகஸ்டில் பையன் ஊருக்குப் போனான். மாலை, கேசரி, ஊர் முழுக்கப் புகைப்படம். அடுத்த திங்கட்கிழமை ஆயா ஸ்பூனோடு உட்கார்ந்தபோது அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கண்ணை வாசல் பக்கமே வைத்திருந்தான். அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும். இது மூன்று வாரம் நடந்தது. எடை குறைந்தது. அவன் அம்மா வேலைக்குப் போவதை விட்டுவிட்டு மதியம் மதியம் வந்து உட்கார்ந்தார். அவனிடம் நாங்கள் எப்படிச் சொல்வது, அந்த நெட்டை அண்ணனுக்கு விசா முடிந்துவிட்டது என்று?

தப்பு எங்களுடையது. ஒரு வருடத்தில் போகப்போகிறவன் கையில் ஒரு குழந்தையின் பசியை முழுசாகக் கொடுத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒரு விதி போட்டோம்: எந்தப் பிள்ளைக்கும் வாலண்டியர் தனியாக ஊட்டக் கூடாது, எப்போதும் உள்ளூர் ஆள் ஒருவர் கூட இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற வேண்டும். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு பெண் அழுதேவிட்டாள், தன்னை நம்பவில்லை என்று. நம்பிக்கைக் குறைவெல்லாம் ஒன்றுமில்லை.

பகலில் வந்து சாயங்காலம் அம்மாவிடம் திரும்புகிற பிள்ளைக்கே இப்படி என்றால், அனாதை இல்லங்களில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் வெளிநாட்டு இளைஞர்கள் கட்டணம் கட்டி, இரண்டு வாரம், நாலு வாரம் என்று வந்து குழந்தைகளைக் கொஞ்சிவிட்டுப் போகும் இல்லங்கள் பெருகின. அங்கே இருக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வருகிறவர்களுக்குக் காட்ட அனாதைகள் தேவைப்பட்டதால் அனாதைகள் உருவாக்கப்பட்டார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. இரண்டு வாரம் வந்து குழந்தைகளோடு ‘வேலை செய்ய’ யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அந்த இரண்டு வாரத்தை ஊர் சுற்றிப் பார்க்கச் செலவிடுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை.

2020 மார்ச் நடுவில், உலகம் முழுக்க இருந்த தன் வாலண்டியர்கள் அனைவரையும் ஜெர்மனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. எங்களிடம் அப்போது இருந்த பெண் ஆறாவது ஆள். தொலைபேசி வந்தது ஒரு சாயங்காலம். 22-ஆம் தேதியிலிருந்து சர்வதேச விமானங்கள் இறங்கக் கூடாது என்று இந்தியா அறிவித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே அவள் கிளம்பிவிட்டாள். கேசரி இல்லை, மாலை இல்லை, சுவரில் படமும் இல்லை. ஈரத்துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதை ஆயா மடித்து வைத்தார். அடுத்த வாரம் ஊரடங்கு. மையம் மூடிக்கிடந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த ஓட்டை வேனும் இரண்டு ஆயாக்களும். அவள் தினமும் வாட்ஸ்அப்பில் ‘நான் என்ன செய்ய’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிய ஆள்கள் எடுத்த முடிவு அது, அவள் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் கிளம்பிப்போக முடிகிறவர்கள் யார், முடியாதவர்கள் யார் என்று அந்த வாரம் எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிந்தது.

வெல்ட்வேர்ட்ஸில் 2013 முதல் எதிர்த்திசையிலும் ஒரு கதவு இருக்கிறது. இந்தியா போன்ற நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போய் ஒரு வருடம் தொண்டு செய்யலாம். எங்கள் டியூஷனில் படித்து, பிறகு மையத்திலேயே உதவியாளராகச் சேர்ந்த ஒரு பெண் 2022-இல் கிளம்பினாள். வயது 23. அப்பா கட்டட மேஸ்திரி. “கல்யாணம் பண்ற வயசுல ஓசி வேலைக்கு ஜெர்மனியா?” என்று ஆறு மாதம் பேசவில்லை. வெங்காயப் பையன் வீடியோ அழைப்பில் வந்து, “மாமா, நான் பாத்துக்கிறேன் மாமா” என்று அடுக்களைத் தமிழில் சொன்ன பிறகுதான் மனிதர் இறங்கி வந்தார். அவளுக்கு ஜெர்மன் மொழி படிக்கவே ஒரு வருடம் ஆயிற்று. அந்தப் பையன்கள் யாரும் தமிழ் படித்துவிட்டு வரவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்.

ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவை இருந்த காலத்தில், துப்பாக்கி பிடிக்க மனமில்லாத பையன்கள் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் மாற்று சேவை செய்தார்கள். 2011 ஜூலையில் அந்தக் கட்டாயம் நிறுத்தப்பட்டது. அந்தக் கைகள் இல்லாமல் போனதை ஈடுகட்டத்தான் அதே மாதம் கூட்டரசுத் தன்னார்வ சேவை என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். வெல்ட்வேர்ட்ஸ் வழியாகப் போனாலும் எங்கள் பெண் அங்கே வேலை செய்தது இதன் கீழ்தான். தெற்கே, ஸ்வாபியப் பகுதியில், மாற்றுத்திறனாளிப் பெரியவர்கள் தங்கியிருக்கும் ஒரு விடுதி. கைச்செலவுக்குப் பணம், தங்க அறை, மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு.

அவள் போன முதல் வாரமே ஷிஃப்ட் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. காலை ஆறரைக்கு வேலை. ஒருவரை எழுப்பி, குளிக்க வைத்து, உடுத்தி, காலைச் சாப்பாடு. இவள் வராவிட்டால் ஒரு மனிதர் படுக்கையிலேயே கிடப்பார். “அண்ணே, இங்க யாரும் பரவாயில்ல உக்காருன்னு சொல்லல” என்று குரல்பதிவு அனுப்பினாள். பெருமையா, களைப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கிருந்து இங்கே வருகிறவன் கூடுதல் ஆள். அவன் இல்லாவிட்டாலும் மையம் நடக்கும். இங்கிருந்து அங்கே போகிறவள் இல்லாவிட்டால் ஒரு ஷிஃப்ட் நடக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அதிகாரிகள் மிகவும் பணிவாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

மற்றபடி அவளுக்கும் அதேதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போட்டாள். கண்ணாடி உடையும் சத்தம் ஓய்வு நாளைக் கெடுக்கிறது என்று எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து திட்டினார். கற்றுக்கொண்டு போன ஜெர்மனை அங்கே யாரும் பேசவில்லை. வகுப்பில் ‘கொஞ்சம்’ என்பதற்கு ‘பிஸ்ஷென்’ என்று படித்தாள். விடுதியில் எல்லோருக்கும் அது ‘பிஸ்லே’. இல்லை என்பது ‘நைன்’ அல்ல, ‘நொய்’. சொல்லிக்கொடுத்தவர் விடுதியில் இருந்த டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெரியவர். தினமும் பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்து, எந்த எண், எத்தனை மணிக்கு என்று ஒப்பிப்பாராம். தப்பாகச் சொன்னால் நின்றுவிடுவாராம், சரியாகச் சொன்னால்தான் நடை. எங்கள் தெற்குச் சுவருக்கு அங்கே ஈடாக இருப்பது ‘இந்திய மாலைப்பொழுது’. வருகிற ஒவ்வொரு இந்தியப் பிள்ளையும் ஒரு நாள் எல்லோருக்கும் சமைத்துப் போட வேண்டும். இவள் எலுமிச்சை சாதம் செய்தாள். சாம்பார் வைத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, “சின்ன வெங்காயம் கெடைக்கலண்ணே” என்றாள்.

திரும்பி வந்து இப்போது மதுரையில் ஒரு சிறப்புப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். நிறையப் பிள்ளைகள் அவளிடம் எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். அவள் சொல்லும் ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன்: தன்னார்வ சேவைக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்ட் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கைச்செலவுப் பணம் தருகிற இடத்துக்குப் போக ஏன் லட்சம் கட்ட வேண்டும்?

நான் மைய நிர்வாகத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் காகித வேலைக்கு இன்னும் கூப்பிடுவார்கள். போன மாதம் புதுப் படிவம் வந்திருந்தது. அதில் ஒரு கட்டம்: ‘தன்னார்வலரிடம் முதல் காலாண்டில் எதிர்பார்க்கப்படும் பணிகள்’. எல்லா வருடமும் ‘கல்விச் செயல்பாடுகளில் உதவுதல்’ என்று எழுதுவோம். சமையல் அக்கா கடைசி வருடம் இது, ஓய்வு பெறப் போகிறார். காபி கொண்டு வந்தவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, என்ன எழுதுறீங்க சார் என்றார். சொன்னேன்.

“அதெல்லாம் எதுக்கு? வெங்காயம் உரிக்க வருமான்னு கேளுங்க. வராட்டியும் பரவால்ல, வரச் சொல்லுங்க.”

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். ‘இது மொழிபெயர்ப்புப் பிழையா?’ என்று கேட்டு அங்கிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.